சிறுகுறிஞ்சான்: எலியில் சர்க்கரை இறங்கினால் போதுமா? (சோதனைத் திட்டம் குறித்து)

#1 முதலாமாண்டு

வணக்கம். மருந்தியல் முதுகலை மாணவன். ஆய்வுக்குச் சிறுகுறிஞ்சான் இலையை எடுத்திருக்கிறேன். திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இலையை நிழலில் உலர்த்தி 70% எத்தனாலில் சாரம் எடுக்கிறோம். ஓஇசிடி அமைப்பின் 423 என்ற நச்சுச் சோதனை முறையில் 2000 மி.கி./கிலோ ஒரே டோஸ் கொடுத்து 14 நாள் கவனிக்கிறோம். எலி சாகாவிட்டால் அதில் பத்தில் ஒரு பங்கும் ஐந்தில் ஒரு பங்கும், அதாவது 200, 400 மி.கி. பிறகு கணையத்தைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டு நீரிழிவை வரவழைத்து, 21 நாள் வாய்வழியாகச் சாரம். ஒப்பீட்டுக்கு கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மாத்திரை. கடைசியில் சர்க்கரை, உடல் எடை, கணையத் திசு. ஐந்து குழு, குழுவுக்கு ஆறு எலி.

இதை வைத்து "பாதுகாப்பானது, இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது" என்று முடிவுரை எழுதலாமா? வழிகாட்டி தாராளமாக எழுதலாம் என்கிறார். எனக்குத்தான் ஏதோ உறுத்துகிறது.

#2 பழைய எலிக்கூண்டு

தம்பி, உறுத்தல் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. உங்கள் திட்டம் நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் அச்சு மாறாமல் இருப்பதுதான். வெளியிடவும் செய்வார்கள். அதனால் அது சரி என்று ஆகிவிடாது.

முதலில் அந்த 2000. ஓஇசிடி 423 ஒரு வகைப்படுத்தும் முறை. ஒரு பொருளை எந்த நச்சு வகுப்பில் போட்டு லேபிள் ஒட்டுவது என்று தீர்மானிக்க வந்தது. 5, 50, 300, 2000 என்று நான்கு தொடக்க டோஸ், ஒவ்வொரு படிக்கும் மூன்று எலி, வழக்கமாகப் பெண் எலி. நிறைய விலங்குகளைக் கொன்று எல்டி50 (பாதி விலங்குகளைக் கொல்லும் டோஸ்) கண்டுபிடித்த பழைய 401 முறையை 2002இல் எடுத்துவிட்டார்கள். அதற்கு மாற்றாக நிற்பவைதான் 420, 423, 425. "ஒரே வேளையில் இவ்வளவு கொடுத்தும் எலி சாகவில்லை" என்பதைத் தாண்டி இவை எதுவும் பேசாது. நீரிழிவுக்காரர் இலையை ஒரே வேளை தின்றுவிட்டு நிறுத்தப் போவதில்லை, ஆண்டுக்கணக்கில் தின்னப் போகிறார். அந்தக் கேள்விக்குப் பக்கத்திலாவது போக 28 நாளுக்கு 407, 90 நாளுக்கு 408 என்று தனி முறைகள் உண்டு.

இரண்டாவது, பத்தில் ஒரு பங்கு. இதற்கு மருந்தியல் அடிப்படை எதுவும் இல்லை, வழக்கம் மட்டும்தான். 2000 என்பது நீங்கள் கொடுத்த உச்ச டோஸ். அது எல்டி50கூட இல்லை. அதைப் பத்தால் வகுத்தால் வரும் எண் எதைக் குறிக்கிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். எலி டோஸை மனித டோஸாக மாற்ற 6.2ஆல் வகுக்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏவின் 2005 வழிகாட்டி. 400ஐ 6.2ஆல் வகுத்தால் 64.5. 60 கிலோ ஆளுக்கு 3.87 கிராம் சாரம். நூறு கிராம் உலர் இலையில் பத்து கிராம் சாரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 39 கிராம் உலர் இலை. யாராவது அவ்வளவு தின்பார்களா? மனிதன் எவ்வளவு எடுக்கிறானோ அதிலிருந்து கிளம்பி எலிக்கு வாருங்கள். எதிர்த்திசையில் போகாதீர்கள்.

#3 நெடுங்கணக்கு

மேலே சொன்னதோடு ஒரு எண்ணை மட்டும் சேர்க்கிறேன். ஆறு எலிக்குக் கொடுத்து ஒன்றுகூடச் சாகவில்லை என்றால், உண்மையான இறப்பு விகிதம் 39% வரை இருந்திருக்கலாம் (95% நம்பிக்கையோடு சொல்லும் மேல் எல்லை). பூஜ்யம் சாவு என்பதைப் பூஜ்யம் ஆபத்து என்று படிக்கிறோம். ஆறு விலங்கு அந்த அளவுக்குப் பேசாது. முந்நூறு பேரிடம் ஒரு பக்கவிளைவும் வரவில்லை என்றாலும், நூற்றில் ஒருவருக்கு வரக்கூடிய ஆபத்தைத் தள்ளிவிட முடியாது.

#4 மூலிகைக்காவலர்

சித்த மருத்துவராக என் பக்கத்தையும் வைக்கிறேன். எலி 28 நாள், 90 நாள் என்று நீங்கள் பேசுகிறீர்கள். சிறுகுறிஞ்சானை மனிதர்கள் எத்தனை தலைமுறையாக எடுக்கிறார்கள்? அது ஆதாரத்தில் சேராதா? இன்னொன்று. எங்கள் முறையில் இலைச் சூரணம் (பொடி), குடிநீர் (கஷாயம்) என்றுதான் கொடுப்போம். ஆய்வகத்தில் எத்தனால், மெத்தனால், ஹெக்சேன் என்று எதிலாவது ஊறவைத்துவிட்டு அதற்குச் சிறுகுறிஞ்சான் என்றே பெயர் வைக்கிறீர்கள். ஹெக்சேனில் இறங்கும் பொருளும் வெந்நீரில் இறங்கும் பொருளும் ஒன்றா? அது நல்லதாக முடிந்தாலும் கெட்டதாக முடிந்தாலும் எங்கள் மருந்தைப் பற்றிய முடிவாக அதை எப்படி எடுத்துக்கொள்வது?

#5 பழைய எலிக்கூண்டு

டாக்டர் அம்மா, இரண்டாவது கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. நூற்றுக்கு நூறு சரி. தம்பி, 70% எத்தனால் ஏன் என்று உங்கள் வழிகாட்டியைக் கேளுங்கள். "எல்லோரும் அப்படித்தான்" என்பதற்கு மேல் பதில் வராவிட்டால் நீர்ச் சாரத்தையும் ஒரு குழுவாகச் சேருங்கள்.

முதல் கேள்வியில் பாதியைத்தான் ஏற்கிறேன். தலைமுறைப் பழக்கம் உடனே தாக்கும் நஞ்சை நன்றாகவே பிடித்துவிடும். தின்றவன் அன்றே வாந்தி எடுத்தால் ஊரே அந்த இலையை ஒதுக்கிவிடும். தின்று பல ஆண்டு கழித்துச் சிறுநீரகம் கெட்டால் அதை இலையோடு யார் முடிச்சுப் போடுவார்கள்? அரிஸ்டோலோகியா கதை அதுதான். பல நாட்டு மருத்துவங்களில் நெடுங்காலம் இருந்த செடிக்குடும்பம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைப்புக்காகச் சீன மூலிகை மாத்திரை எடுத்த பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. தேடிப் பார்த்தால், ஸ்டெபானியா என்று நினைத்துச் சேர்த்த வேர் உண்மையில் அரிஸ்டோலோகியா. பின்னால் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே பேரினம்தான்.

#6 மூலிகைக்காவலர்

ஐயா, அந்தக் கதையை இன்னொரு விதமாகவும் படிக்கலாமே. அங்கே முதல் தவறு ஆள்மாறாட்டம். சேர்க்க வேண்டிய வேர் வேறு, சேர்த்த வேர் வேறு. சீந்திலுக்கும் இதே பிரச்சினை வந்தது. 2021இல் மும்பையிலிருந்து சீந்தில் எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு என்று கட்டுரை வந்தபோது, அது டினோஸ்போரா கார்டிஃபோலியாவா, அதைப் போலவே இருக்கும் டினோஸ்போரா கிரிஸ்பாவா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது.

#7 பழைய எலிக்கூண்டு

நடந்தது. பின்னால் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வில், நோயாளிகள் எடுத்த செடியைச் சோதித்தபோது கார்டிஃபோலியாவும் இருந்ததே. எல்லாப் பழியையும் கிரிஸ்பாமேல் போட்டுவிட முடியவில்லை. ஆனாலும் உங்கள் கருத்து நிற்கிறது: செடி எது என்று நிறுவாமல் எதையும் தொடங்கக் கூடாது.

தம்பி, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தாவரவியலாளர் ஒருவர் பார்த்து அடையாளம் சொன்ன மாதிரியை ஹெர்பேரியத்தில் (உலர்செடிக் காப்பகம்) வைத்து எண் வாங்குங்கள். இலை எப்போது பறித்தது, பூப்பதற்கு முன்னா பின்னா என்று எழுதுங்கள். எச்பிடிஎல்சியில் (சாரத்திலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் முறை) இந்த இலையின் முக்கியப் பொருளான ஜிம்னெமிக் அமிலக் கூட்டத்தைக் காட்டி, அதிலிருந்து கிடைக்கும் ஜிம்னெமாஜெனின் அளவைத் தாருங்கள். இது இல்லாவிட்டால் அடுத்த ஆய்வகத்தில் இதைத் திரும்பச் செய்ய வழியே இல்லை. ஈயம், பாதரசம், ஆர்சனிக், காட்மியம் நான்கையும் சாரத்தில் பார்த்துவிடுங்கள். கல்லீரல் நொதி ஏறினால் இலையா உலோகமா என்ற சந்தேகம் பிறகு வரக் கூடாது.

#8 முதலாமாண்டு

நன்றி ஐயா, நன்றி டாக்டர். சர்க்கரைப் பகுதி பற்றியும் சொல்லுங்களேன். நுண்ணுயிர் ஆய்வகத்தில் ஏற்கெனவே ஆல்பா குளுக்கோசிடேஸ் (சர்க்கரையை உடைக்கும் நொதி) தடுப்பு செய்துவிட்டோம். எங்கள் சாரத்தின் ஐசி50 (நொதியைப் பாதி தடுக்கத் தேவையான அளவு), அந்த நொதியைத் தடுக்கும் நீரிழிவு மருந்தான அகார்போஸைவிட நன்றாக வந்திருக்கிறது! அதை முதல் படமாகப் போடலாம் என்று இருக்கிறேன்.

#9 நொதிக்காரி

எந்த நொதி? ஈஸ்ட்டிலிருந்து வாங்கியதா?

#10 முதலாமாண்டு

ஆமாம் அக்கா. ஈஸ்ட்.

#11 நொதிக்காரி

அப்படியானால் அந்தப் படத்தை முதலில் போடாதீர்கள். ஈஸ்ட் ஆல்பா குளுக்கோசிடேஸை அகார்போஸ் ஒழுங்காகத் தடுக்காது. அகார்போஸ் வேலை செய்வது பாலூட்டியின் சிறுகுடல் நொதியில், மால்டேஸ், சுக்ரேஸ் இவற்றில். ஈஸ்ட் நொதியை வைத்துக்கொண்டால் கொஞ்சம் பாலிஃபீனால் உள்ள எந்த இலையும் அகார்போஸை வென்றுவிடும். "அகார்போஸைவிடச் சிறந்தது" என்று வரும் மூலிகைக் கட்டுரைகளில் பாதி இந்த வாசல் வழியாக வந்தவை என்பது என் சொந்த அபிப்பிராயம். எலிக் குடல் அசிட்டோன் பொடி வாங்கி அதில் திரும்பச் செய்யுங்கள்.

இன்னும் இரண்டு பொறி இருக்கிறது. டானின் (துவர்ப்புப் பொருள்) அதிகமுள்ள சாரம் எந்தப் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். நொதி தடைபட்டதுபோலத் தெரியும், உண்மையில் அது படிந்து போயிருக்கும். சாரத்தோடு கொஞ்சம் பிஎஸ்ஏ அல்புமின் (மாட்டு இரத்தப் புரதம்) சேர்த்துப் பாருங்கள். தடுப்பு காணாமல் போனால் அது டானின் வேலை.

அடுத்தது குளுக்கோஸை அளக்கும் முறை. குளுக்கோஸ் ஆக்சிடேஸ், பெராக்சிடேஸ் கிட்டில் நிறம் வருவது ஹைட்ரஜன் பெராக்சைடால். ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்கள் நிறைந்த சாரம் அந்தப் பெராக்சைடை விழுங்கிவிடும். குளுக்கோஸ் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் குறையும், "தடுப்பு 80%" என்று எழுதுவோம். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸுக்கு டிஎன்எஸ் முறை (ஒடுக்கும் சர்க்கரையை நிறத்தால் அளப்பது) என்றால் சாரத்திலேயே இருக்கும் ஒடுக்கும் சர்க்கரை எதிர்த்திசையில் குழப்பும். நொதி இல்லாமல் குளுக்கோஸும் சாரமும் மட்டும் வைத்து ஒரு பிளாங்க் ஓட்டினால் ஒரே மதியத்தில் தெரிந்துவிடும்.

#12 முதலாமாண்டு

பிளாங்க் ஓட்டவில்லை. நாளைக்கே ஓட்டுகிறேன்.

#13 இனிப்புப்பகை

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இரண்டாம் வகை நீரிழிவு எனக்கு. கிளிமெபிரைடு மாத்திரை எடுக்கிறேன். கொஞ்ச நாளாகச் சிறுகுறிஞ்சான் பொடியும் சேர்த்துக்கொண்டேன், வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது. நீங்கள் எலி, ஈஸ்ட் என்று பேசுவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. என் உடம்பே சாட்சி சொல்கிறதே, அது போதாதா?

#14 வார்டு மருத்துவர்

ஐயா, உங்களுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், எலி காத்திருக்கும்.

கிளிமெபிரைடு கணையத்திலிருந்து இன்சுலினைப் பிழிந்து எடுக்கும் வகை மருந்து. அதோடு சர்க்கரையைக் குறைக்கும் வேறு எது சேர்ந்தாலும் தாழ்சர்க்கரை வரலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் வந்தால் உடனே அளந்து பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு. பொடி எடுப்பதை உங்கள் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ கண் மஞ்சளித்தாலோ பொடியை அன்றே நிறுத்திக் கல்லீரல் சோதனை செய்யுங்கள்.

உங்கள் உடம்பு பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாட்சியத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில்தான் சிக்கல். சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கும் நேரத்தில்தான் யாரும் புதிதாக ஒன்றைத் தொடங்குவார்கள். ஏறியது எப்படியும் கொஞ்சம் இறங்கும். தொடங்கியவர் கூடவே சாப்பாட்டிலும் கவனமாகிவிடுவார். வெறும் வயிற்று அளவு நாளுக்கு நாள் ஆடும். எச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். பொடிக்கு முன்பு எடுத்த எச்பிஏ1சி இருந்தால், மூன்று மாதம் கழித்து எடுத்து அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பொடி அளவுக்கு மீறி வேகமாக வேலை செய்தால் சந்தோஷப்படாதீர்கள். 2008இல் சிங்கப்பூரில் நீரிழிவே இல்லாத ஆண்கள் கடுமையான தாழ்சர்க்கரையோடு வரிசையாக மருத்துவமனைக்கு வந்தார்கள், சுமார் 150 பேர், நால்வர் இறந்தார்கள். ஆண்மைக்கு என்று விற்ற மாத்திரையிலும் மூலிகைத் தயாரிப்பிலும் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. நீரிழிவுக்கென்றே விற்கும் மூலிகைகளிலும் பல நாடுகளில் இதே மருந்தும் மெட்ஃபார்மினும் பிடிபட்டிருக்கின்றன.

#15 இனிப்புப்பகை

தெளிவாகச் சொன்னீர்கள் டாக்டர். எச்பிஏ1சி பழைய ரிப்போர்ட் இருக்கிறது. இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லிவிடுகிறேன்.

#16 மூலிகைக்காவலர்

கலப்படம் செய்பவர்களால் எங்கள் துறைக்குத்தான் முதல் கெட்ட பெயர். கலந்த மருந்தைக் காட்டிக்கொடுக்கும் எல்சி-எம்எஸ் சோதனையைக் கட்டாயமாக்கச் சொல்லி நாங்களே கேட்கிறோம் என்பதையும் பதிவு செய்கிறேன்.

#17 பழைய எலிக்கூண்டு

சரி, எலிக்கு வருவோம். இந்த இழையில் நான் சொல்ல நினைத்ததே இனிமேல்தான்.

தம்பி, சர்க்கரை இறங்குவதற்கு நூறு காரணம் உண்டு. அதில் மருந்து என்பது ஒன்று. எலி சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கும். குடல் எரிச்சலால் உறிஞ்சாவிட்டால் இறங்கும். கல்லீரல் சேதமாகிக் குளுக்கோஸ் தயாரிப்பை நிறுத்தினாலும் இறங்கும். ஏக்கி என்ற பழம், காயாக இருக்கும்போது அதில் ஹைப்போகிளைசின் இருக்கும். கொழுப்பமிலம் எரிவதை அது தடுத்துவிடும், உடலில் குளுக்கோஸ் உற்பத்தி நின்று, குருதிச் சர்க்கரை பாதாளத்துக்குப் போய் ஆள் சாவான். ஜமைக்காவில் இதற்கு வாந்தி நோய் என்றே பெயர். லிச்சியிலும் அதே குடும்பப் பொருள் உண்டு. முசாஃபர்பூரில் இரவு உணவு இல்லாமல் லிச்சி தின்ற குழந்தைகள் வலிப்பு வந்து இறந்ததற்கு 2014இல் நடந்த விசாரணை இதைத்தான் காட்டியது, கட்டுரை 2017இல் வந்தது. இந்த ஹைப்போகிளைசினை உங்கள் 21 நாள் திட்டத்தில் சின்ன டோஸில் போட்டிருந்தால் "குறிப்பிடத்தக்க சர்க்கரைக் குறைப்பு, பி மதிப்பு 0.001க்குக் கீழ்" என்று அழகான படம் வந்திருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கலேகா என்ற செடி ஆட்டுக்கு விஷம். அதிலிருக்கும் கலெஜின் சர்க்கரையைக் குறைத்தது, ஆளையும் படுத்தியது. கலெஜின் ஒரு குவானிடின், அதே வழியில் வரும் மெட்ஃபார்மினை 1922இல் தயாரித்தார்கள், நீரிழிவுக்காக மனிதருக்குக் கொடுத்தது 1957இல். அதன் உறவான ஃபென்ஃபார்மின் நன்றாகவே சர்க்கரையைக் குறைத்தது. லாக்டிக் அமிலம் ஏறி ஆட்கள் இறந்ததால் 1970களின் பிற்பகுதியில் பல நாடுகளில் அதை எடுத்துவிட்டார்கள். இரண்டையும் சர்க்கரை அளவை மட்டும் பார்த்துப் பிரித்திருக்க முடியாது.

ஆகையால் உங்கள் ஐந்து குழுவோடு இரண்டைச் சேர்க்க வேண்டும். ஒன்று, நீரிழிவு இல்லாத எலிக்குச் சாரம். அதற்குச் சர்க்கரை சரிகிறதா, கல்லீரல் நொதி ஏறுகிறதா? இரண்டு, ஜோடித் தீனி. சாரம் வாங்கும் நீரிழிவு எலி நேற்று எத்தனை கிராம் தின்றதோ அதே அளவு மட்டும் இன்று இந்த எலிக்கு, சாரம் இல்லாமல். இரண்டிலும் சர்க்கரை ஒரே அளவு இறங்கினால் உங்கள் இலை செய்தது பட்டினி போட்டது மட்டுமே. வேலை கூடும், தெரியும். இதைச் செய்யாத கட்டுரையை நான் மதிப்புரைக்கு வாங்கினால் முதல் கேள்வி இதுதான்.

#18 நெடுங்கணக்கு

ஜோடித் தீனிக்கு எலிகளைத் தனித்தனிக் கூண்டில் வைக்க வேண்டும். தனிமை எலிக்கு மன அழுத்தம் தரும், அழுத்தம் சர்க்கரையை ஏற்றும். அப்படியானால் எல்லாக் குழுவையும் தனியாக வையுங்கள், ஒரு குழுவை மட்டும் வைக்காதீர்கள். ஒன்றாக வைத்தால் ஒரே கூண்டிலுள்ள எலிகளைத் தனித்தனிச் சான்றாக எண்ணக் கூடாது. குழு ஒதுக்கீடு சீரற்றதாக இருக்கட்டும், திசுவைப் பார்ப்பவருக்கு எந்தக் குழு என்று தெரியக் கூடாது, நடுவில் இறந்த எலியை அட்டவணையிலிருந்து சத்தமில்லாமல் தூக்கக் கூடாது. விலங்கு ஆய்வுகளை எழுதுவதற்கான அரைவ் வழிகாட்டி 2.0 இதையெல்லாம் கேட்கிறது. "ஆறு எலி" எங்கிருந்து வந்தது என்பதற்கும் பதில் வேண்டும். எவ்வளவு வித்தியாசத்தைப் பிடிக்க நினைக்கிறீர்கள், சர்க்கரை எவ்வளவு ஆடும் என்று தெரிந்தால்தான் எண்ணிக்கையைக் கணக்கிட முடியும்.

#19 முதலாமாண்டு

குறித்துக்கொண்டேன். ஸ்ட்ரெப்டோசோடோசின் 60 மி.கி. ஒரே ஊசி என்று இருக்கிறேன். சரிதானா?

#20 பழைய எலிக்கூண்டு

எதைச் சோதிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 60 என்பது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில் பெரும்பகுதியைக் கொன்றுவிடும், முதல் வகைக்கு நெருக்கம். உங்கள் இலையை எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை. அதற்கு, கொழுப்புத் தீனி சில வாரம் கொடுத்துப் பிறகு 35 மி.கி. என்ற மாதிரி பொருந்தும். அல்லது நிகோடினமைடு முன்னால் கொடுத்துப் பீட்டா செல்லைப் பாதி காப்பாற்றி, அப்புறம் ஊசி.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். கிளிபென்கிளமைடு வேலை செய்ய உயிருள்ள பீட்டா செல் வேண்டும். கணையம் அழிந்த எலி என்று எழுதிவிட்டு, அதே எலியில் கிளிபென்கிளமைடு சர்க்கரையைப் பாதியாகக் குறைத்ததாகவும் எழுதுவார்கள். இரண்டும் ஒரே கட்டுரையில் நிற்காது. ஒன்று கணையம் அழியவில்லை, அல்லது எலிகள் தானாகத் தேறிக்கொண்டு வந்தன. நீரிழிவை வரவழைக்கும் இன்னொரு மருந்தான அலோக்சானில் இந்தத் தானாகத் தேறுவது இன்னும் அதிகம். அதனால்தான் நீரிழிவுக் கட்டுப்பாட்டுக் குழுவின் சர்க்கரை 21 நாளும் எப்படிப் போனது என்று முழுக் கோடு காட்டுங்கள், கடைசி நாள் மட்டும் போதாது.

நடைமுறைக்கு: சிட்ரேட் தாங்கல் கரைசல், பிஎச் 4.5, கரைத்த உடனே ஊசி. ஆண் எலிக்குத்தான் நன்றாகப் பிடிக்கும், பெண் எலி தாங்கிக்கொள்ளும். முதல் இரவு சாகும் எலிகள் பல நேரம் தாழ்சர்க்கரையால் சாகின்றன, சிதைந்த செல்லிலிருந்து இன்சுலின் மொத்தமாகக் கொட்டுவதால். குடிநீரில் 5% குளுக்கோஸ் வையுங்கள். மூன்று நாள் கழித்து அளந்து 250க்கு மேல் உள்ளவற்றை மட்டும் எடுங்கள், எடுத்த பிறகு குழு பிரியுங்கள்.

#21 நொதிக்காரி

மயக்க மருந்தையும் சொல்லிவிடுங்கள் சார். கீட்டமைன், சைலசின் கொடுத்துவிட்டு இரத்தம் எடுத்தால் சைலசினே சர்க்கரையை ஏற்றிவிடும்.

#22 பழைய எலிக்கூண்டு

ஆமாம். வால் நுனித் துளி, கையில் பழகிய எலி, ஒரே ஆள், ஒரே நேரம்.

#23 வார்டு மருத்துவர்

சிறுகுறிஞ்சானுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, யாரும் தொடவில்லை. ஜிம்னெமிக் அமிலம் நாக்கில் பட்டால் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு இனிப்பு தெரியாது. இனிப்பு ஏற்பியின் டி1ஆர்3 பகுதியில் போய் ஒட்டுகிறது என்று 2014இல் காட்டினார்கள். இந்த விளைவு மனிதனிலும் சிம்பன்சியிலும் உண்டு, எலியில் கிட்டத்தட்ட இல்லை. பொடியை வாயில் போடும் மனிதன் இனிப்பைக் குறைவாகத் தின்று அதனாலேயே சர்க்கரை குறையலாம். குழாய் வழியாக வயிற்றில் இறக்கும் எலியில் இந்த வழியே திறக்காது. ஆக உங்கள் எலிச் சோதனை இலையின் ஒரு பாதியைப் பற்றித்தான்.

மனித ஆய்வுக்கும் இதனால் தலைவலி. பொடி கொடுத்தால் யார் இலை எடுக்கிறார், யார் போலி மருந்து எடுக்கிறார் என்பதை நாக்கு காட்டிக் கொடுத்துவிடும். கேப்சூல்தான் ஒரே வழி. அப்போது நீங்கள் சோதிப்பது வேறு மருந்து.

#24 முதலாமாண்டு

1990 ஆய்வை எடுத்துக்காட்டலாம் என்று இருந்தேன் டாக்டர். இரண்டாம் வகைக்காரர்கள் 22 பேர், நாளுக்கு 400 மி.கி. சாரம், 18 முதல் 20 மாதம், அதில் ஐந்து பேர் வழக்கமான மாத்திரையையே நிறுத்த முடிந்தது என்கிறார்கள். அது வலுவான ஆதாரம் இல்லையா?

#25 வார்டு மருத்துவர்

ஆர்வத்தைத் தூண்டும் ஆதாரம். குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, போலி மருந்து இல்லை, யார் என்ன எடுக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு காலம் ஒரு குழு அடிக்கடி வந்து கவனித்தாலே பலருக்குச் சர்க்கரை தேறும். எடுத்துக்காட்டுங்கள், கூடவே இதையும் எழுதுங்கள்.

பாதுகாப்புக்கு இரண்டு தகவலை அருகருகே வையுங்கள். விஸ்டார் எலிக்குத் தீனியில் 1% வரை கலந்து 52 வாரம் கொடுத்த ஆய்வு 2004இல் வந்தது, நச்சு எதுவும் தெரியவில்லை. 2010இல் சிறுகுறிஞ்சான் எடுத்த நீரிழிவு நோயாளி ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக அறிக்கை வந்தது. ஆளுக்கு ஆள் மாறும் இந்த வகைக் கல்லீரல் பாதிப்பு எலியில் தெரியவே தெரியாது.

#26 மூலிகைக்காவலர்

ஒரே ஒரு நோயாளி. அவர் வேறென்ன எடுத்தார், பொருளில் என்ன இருந்தது?

#27 வார்டு மருத்துவர்

நியாயமான கேள்வி மேடம். ஒற்றை அறிக்கை நிரூபணம் ஆகாது. நோயாளியைக் கவனிக்கும்போது கல்லீரல் நொதியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும், அவ்வளவுதான். நீங்கள் கொடுக்கும் நோயாளிகளுக்குத் தொடக்கத்திலும் சில வாரம் கழித்தும் ஏஎல்டி (கல்லீரல் நொதி) பார்த்துப் பதிவு வைத்தால், அந்தப் பதிவுக்கு இந்தத் தம்பியின் முப்பது எலியைவிட மதிப்பு அதிகம்.

#28 மூலிகைக்காவலர்

வைக்கிறேன். ஏற்கெனவே சிலருக்குப் பார்க்கிறேன், இனி எல்லோருக்கும். வராதவற்றையும் சேர்த்துத்தானே எழுத வேண்டும்?

#29 நெடுங்கணக்கு

வராதவர்களைத்தான் முக்கியமாக. எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்ற மொத்த எண்ணிக்கை இல்லாமல் பாதிப்பு எண்ணிக்கைக்குப் பொருள் இல்லை. பாதியில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்றும் எழுதுங்கள்.

#30 முதலாமாண்டு

வழிகாட்டியிடம் பேசினேன். 90 நாளுக்குக் காலம் இல்லை, 28 நாள் 407க்கு ஒத்துக்கொண்டார். ஜோடித் தீனிக்கு முதலில் முகம் சுளித்தார், ஹைப்போகிளைசின் கதையைச் சொன்னதும் சரி என்றார். நீர்ச் சாரம் ஒரு குழு உண்டு. 200, 400 போய், சூரண அளவிலிருந்து கணக்கிட்ட டோஸும் அதன் மூன்று மடங்கும். கொழுப்புத் தீனி மாதிரிக்கு மாறிவிட்டோம். வாய்வழிக் குளுக்கோஸ் சோதனையோடு வயிற்றறை ஊசி வழியாகவும் ஒரு முறை செய்யலாம் என்று இருக்கிறோம், குடலில் தடுக்கிறதா உள்ளே வேலை செய்கிறதா என்று பிரித்துப் பார்க்க. புது நெறிக்குழு விண்ணப்பம் போட வேண்டும். தலைப்பிலிருந்து "பாதுகாப்பு" போய்விட்டது, "28 நாள் நச்சுத்தன்மை" என்று இருக்கிறது.

பிளாங்கும் ஓட்டியாயிற்று அக்கா. நொதி இல்லாமலே நிறம் பாதி குறைகிறது.

#31 நொதிக்காரி

சொன்னேனே! குளுக்கோஸை எச்பிஎல்சியில் அளந்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஹெக்சோகைனேஸ் கிட், அதில் பெராக்சைடு இல்லை.

#32 முதலாமாண்டு

சாரம் தண்ணீரில் சரியாகக் கரையவில்லை, அடியில் தங்குகிறது. 0.5% சிஎம்சியில் (கரையாததை மிதக்க வைக்கும் பசை) கலக்கலாமா? எவ்வளவு கொள்ளளவு தாங்கும்?

#33 பழைய எலிக்கூண்டு

கலக்கலாம். 100 கிராம் எடைக்கு 1 மி.லி.க்கு மேல் போகாதீர்கள். எல்லாக் குழுவுக்கும் அதே சிஎம்சி, அதே கொள்ளளவு, சாதாரண எலிக்கும் சேர்த்து. ஒவ்வொரு முறை உறிஞ்சும் முன்பும் குலுக்குங்கள், இல்லாவிட்டால் முதல் எலிக்குத் தண்ணீரும் கடைசி எலிக்கு வண்டலும் போகும். குழாய் நுரையீரலுக்குள் போய்ச் செத்த எலியைச் சாரத்தின் கணக்கில் எழுதிவிடாமல், செத்தவை எல்லாவற்றையும் அறுத்துப் பாருங்கள்.